மலையேற்றாமல் விட்டது

பேய், சாமியாட்டம் எதையும் நம்பாத ஆள் நான். கோயில் கச்சேரிக்குப் போனால்கூட, முடிந்ததும் வயலினைப் பெட்டியில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

ஆரணியில் ஒரு பட்டு வியாபாரி வீட்டுக் கல்யாணம். ரிசப்ஷனுக்கு வயலினும் பம்பையும் சேர்ந்து புதுசாக ஏதாவது வேண்டும் என்றார்கள். பம்பைக்குப் படவேட்டிலிருந்து ஏழுமலை வந்தார். அம்மன் கோயில்களில் அடிக்கிறவர். அவருக்கு ராகத்தின் பெயர் தெரியாது, எனக்கோ அவர் அடி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே பிடிபடவில்லை. ஒத்திகை என் வீட்டில், மத்தியான வேளையில். மனைவி வசந்தா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது, மகள் பெங்களூரில், அந்த வீட்டில் இன்னொரு மனுஷக் குரல் கேட்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்ததால் ஒத்திகையை வேண்டுமென்றே இழுத்துக்கொண்டு போனேன்.

எழுதி வைத்து எதுவும் வாசிக்கவில்லை. நான் ஒரு பிடி பிடிப்பேன், அவர் பதில் அடிப்பார். அன்றைக்கு ஆனந்தபைரவியில் நான் சுற்றிக்கொண்டிருந்தபோது அவர் ஓர் அடியைத் தொடங்கிச் சட்டென்று நிறுத்திவிட்டார்.

"ஏங்க, நல்லா போய்க்கினு இருந்துச்சே" என்றேன்.

"இது சாமிய அழைக்கிற அடி சார். அழைச்சா வரும். வந்தா மலையேத்தி அனுப்பணும், இல்லன்னா போவாது. வூட்ல சும்மா அடிக்கக் கூடாது."

"இந்த வூட்டுக்கு யாருங்க வரப்போறாங்க, அடிங்க."

தயங்கித் தயங்கித்தான் அடித்தார். நம்பினால் நம்புங்கள், அன்றுபோல் நான் வாசித்ததே இல்லை. பாதியில் கரண்ட் போனது. தெருவிலிருந்த பவர்லூம் அத்தனையும் ஒன்றாக அடங்கியதும் நாங்களும் நிறுத்தினோம். தாளம் மட்டும் நிற்கவில்லை.

உள்ளறையில் யாரோ தொடையில் தட்டுகிற சத்தம். வசந்தா அந்த அறையில் உட்கார்ந்துதான் என் சாதகத்துக்குத் தாளம் போடுவாள், எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாலும் ஒரு நூல் பிந்தித்தான் விழும். அதே மாதிரி பிந்தி விழுந்தது.

"உள்ள யாரு சார் கீறாங்க?" என்றார் ஏழுமலை. ஓடிப்போய்ப் பார்த்தேன், யாரும் இல்லை. பக்கத்து வீட்டுச் சத்தம் என்பீர்கள், அது பூட்டிக் கிடக்கிற வீடு.

ஏழுமலை கற்பூரம் ஏற்றினார். "மலையேத்திட்றேன் சார்" என்று பம்பைக் குச்சியை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாங்க. இருக்கட்டும்."

"வந்தது யாருன்னே தெரியாம இருக்கட்டும்ன்றீங்களே சார்" என்றவர் பம்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். கல்யாணத்துக்கும் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் வாசிக்கும்போதெல்லாம் தாளம் விழுந்தது. "பிந்துது பாரு வசந்தா" என்று அதட்டுவேன். வேளைக்குச் சாப்பிட்டேன், தூங்கினேன், சந்தோஷமாகவே இருந்தேன்.

போன வாரத்திலிருந்து தாளம் பிந்துவதில்லை. வேகத்தை மாற்றிப் பார்த்தேன், கூடவே மாறியது. வேண்டுமென்றே ஓர் இடத்தில் தப்பாக நின்றேன், நான் திரும்பி வரும்வரை பொறுமையாகக் காத்திருந்தது. வசந்தாவுக்கு இதெல்லாம் கடைசிவரை வந்ததே இல்லை.

ஏழுமலையைக் கூப்பிட்டால் வந்து அனுப்பிவிடுவார், நம்பர் போனில்தான் இருக்கிறது. அவர் அனுப்பிவிட்டுப் போன பிறகு அந்த வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன் என்று நினைத்தால் கை போகமாட்டேன் என்கிறது. நேற்றும் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து வாசித்தேன்.