வரும்போது வாலாட்டும், போகும்போது கவ்வும்

மீட்டர்காரருக்கு நாய் என்றால் பயமில்லை. இருபத்திரண்டு வருடமாக வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்துக் குறிக்கிறவர், அதற்கெல்லாம் பயந்தால் பிழைப்பு நடக்குமா? குரைத்தால் நிற்பார், அது அலுத்துப்போனதும் உள்ளே நுழைவார். அவர்மேல் பல் வைத்தது ஒரே ஒரு நாய்தான். அது சொந்த அண்ணன் வீட்டு நாய்.

அண்ணனோடு பேச்சு நின்று நாலு வருடம். அண்ணன் மகள் கல்யாண அழைப்பிதழ் தபாலில் வந்தது. ரெண்டு தெரு தள்ளியிருக்கிற தம்பிக்குத் தபாலா? கொதித்துப்போய்க் கல்யாணத்துக்கே போகவில்லை. பெரிய முட்டாள்தனம், அவருக்கும் தெரியும். இறங்கி வரத்தான் மனசு வரவில்லை. அண்ணனும் லேசுப்பட்டவர் இல்லை. ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் பார்க்க வரும் தம்பி தலை தெரிந்ததும் உள்ளறைக்குள் போய்விடுவார்.

நாய் வந்தது போன வருடம். மீட்டர் இருக்கும் பின்பக்கச் சுவர்வரை வாலாட்டிக்கொண்டே கூட வரும். குறித்துக்கொண்டு கேட்டுப் பக்கம் திரும்பினாரோ இல்லையோ, குதிகாலில் ஒரு கவ்வு. ரத்தம் வராது, மானம் போகும்.

"சொல்லிக் குடுத்து வளக்கறாரு" என்று மனைவியிடம் பொருமினார்.

"நாய்க்குப் பாடம் எடுக்கற அளவுக்கு உங்க அண்ணனுக்குப் பொறுமை ஏது?" என்றாள் அவள்.

கடைசியில் அந்தத் தெருவே வேண்டாம் என்று மனு எழுதிவிட்டார். "மாத்தினா மாத்தினதுதான், திரும்பக் கிடைக்காது" என்று அதிகாரி எச்சரித்திருந்தார். சாயங்காலம் கொடுத்துவிட்டால், அந்த கேட்டைத் திறக்க அவருக்கு வேறு சாக்கே கிடையாது. ஆனாலும் மனு சட்டைப்பையில்தான் இருந்தது.

அன்றைக்கும் கவ்வு விழுந்தது. துணி உலர்த்திக்கொண்டிருந்த அண்ணியிடம் நாலு வருடத்தில் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"இதைக் கட்டிப்போடுங்க அண்ணி. அடுத்த தடவை வேற ஆள் வருவாரு, அவரையாவது கடிக்காம இருக்கட்டும்."

"வேற ஆளை அது ஏன் கடிக்கப்போகுது? பால்காரர், பேப்பர்காரர் போனா தலையைக்கூடத் தூக்காது. ஆடு மேய்க்கற இனம் தம்பி. மந்தையை விட்டு ஒண்ணு விலகினா, குதிகாலைக் கவ்வித் திருப்பும். நான் கடைக்குக் கிளம்பினா கவ்வும், உங்க அண்ணன் வேலைக்குக் கிளம்பினா கவ்வும். அப்புறம் நீங்க."

"நான் என்ன இந்த வீட்டு ஆளா?"

"அதே நடை, அதே வேர்வை வாசனை. மூக்கு இருக்கறதுக்குத் தெரியுது."

மீட்டர்காரர் தன் முகத்தை அண்ணி பார்த்துவிடக் கூடாதென்று விறுவிறுவென்று கேட்டைப் பார்த்து நடந்தார். மறுபடியும் கவ்வு. இந்தமுறை நாய் விடவேயில்லை.

உள்ளறை ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. "விடு அவனை. டீ குடிச்சிட்டுப் போவான்."

அண்ணன் நாயிடம்தான் சொன்னார். தம்பி உள்ளே போனார். ரெண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் இருமினார்.

"தபால்ல போட்டது தப்புதான்டா."

"வராதது அதைவிடத் தப்பு."

ரெண்டு பேரும் டீயைக் குடித்து முடித்தார்கள்.

"அடுத்த தடவை யாரோ புது ஆள் வருவாராமே?" என்றார் அண்ணன், தம்பியின் முகத்தைப் பார்க்காமல்.

"யாரு சொன்னா? நான்தான் வருவேன்."