சபைப் புத்தகத்தில் இல்லாத எண்

சரியாகப் பதினொன்று இருபதுக்கு எங்கள் மகளைக் காணவில்லை. போன மாதத்தின் முதல் ஞாயிறு. டெல்லியில் நாங்கள் போகும் தமிழ் ஆலயத்தில் திருவிருந்து நடந்துகொண்டிருந்தது. நானும் கணவரும் பீடத்தின் முன் முழங்காலிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கொண்டு திரும்பினால், பெஞ்சில் அவளுடைய கைக்குட்டை மட்டும் கிடந்தது.

அவளுக்குப் பதினாறு வயது. இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் பேச்சு வராது. தனியாக ரோட்டைக் கடக்கத் தெரியாது. எங்கள் போன் நம்பர் எழுதிய அட்டை எப்போதும் அவள் கழுத்தில் இருக்கும். ஆலயத்துக்குப் போகும் அன்று மட்டும் கழற்றி வைத்துவிடுவேன். நம் சபைதானே, அங்கே எனக்கு எல்லோரையும் தெரியும் என்ற நினைப்பு.

கழிவறை, மாடி, ஞாயிறு பள்ளி அறை எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் கேட்டில் இருந்த வாட்ச்மேன்தான் சொன்னார், 'ஜல்தி ஆன்ட்டி'க்குப் பின்னாலேயே அவள் வெளியே போனாளாம்.

அந்தப் பட்டப்பெயர் நான் வைத்தது; ஜல்தி என்றால் இந்தியில் அவசரம். கடைசி பெஞ்சில் உட்காரும் ஒரு பெண். ஞாயிற்றுக்கிழமையும் பன்னிரண்டு மணிக்கு ஒரு வீட்டில் சமையல் வேலை அவருக்கு. ஆசீர்வாதம் கூறுவதற்கு முன்பே எழுந்து ஓடுவார். "ஆண்டவர்கிட்ட வந்தும் ஜல்திதானா" என்று எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம். ஆனால் என் மகளுக்கு அவர் என்றால் உயிர். ஆராதனை தொடங்குமுன் அவளுடைய பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னிவிடுவார்.

"சபையில எல்லார் நம்பரும் உங்கிட்டதானே இருக்கு? அவங்களுக்குப் போடு," என்றார் கணவர்.

சபைக் குடும்பங்களின் விலாசப் புத்தகத்தைத் தொகுத்தவளே நான்தான். நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள். அந்தப் பெண்ணும் அதற்குப் படிவம் கொடுத்திருந்தார். விலாசம் என்ற இடத்தில் 'சாக்கடைக்குப் பின்னால் ஜுக்கி' என்று தன் குடிசையைக் குறித்திருந்தார். வீட்டு எண் இல்லாமல் எப்படிப் போடுவது என்று பழைய காகிதங்களோடு சேர்த்துவிட்டேன். புத்தகத்தில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் பிரதி கொடுத்தோம். அதனால் அவருக்கு அதுவும் போகவில்லை. அவர் பெயர்கூட எனக்கு நினைவில் இல்லை. அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை.

நான் அழவில்லை. அழுதால் நேரம் போய்விடும். சபை வாலிபர்களைப் பைக்கில் பக்கத்திலிருந்த சரோஜினி நகர் மார்க்கெட்டுக்கு அனுப்பினேன். கணவர் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார். நான் ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பாக நடந்து, போனில் இருந்த மகளின் படத்தை எல்லோரிடமும் காட்டினேன். பன்னிரண்டரை ஆயிற்று. கேட்டுக்கே திரும்பி வந்து நின்றேன். அவள் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தப் புத்தகத்தை இப்படியே விடப்போவதில்லை என்று அங்கே நின்றபடியே முடிவு செய்தேன்.

இப்போது ஞாயிறு மதியங்களில் படிவங்களை எடுத்துக்கொண்டு ஜுக்கிகளுக்குப் போகிறேன். வீட்டு எண் இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் கடையை எழுதிக்கொள்கிறேன். பெயரைக் கேட்டு, இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். இதெல்லாம் எதற்கு என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். இவர்களில் ஒருவர் விடுபட்டாலும் அது சபைப் புத்தகம் ஆகாது என்றேன். இதை நான் நிறுத்தமாட்டேன். அன்று மதியம் ஒன்று பத்துக்கு நான் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

பஸ் ஸ்டாப் பக்கமிருந்து இருவர் கைகோத்து நடந்து வந்தார்கள். என் மகளின் கைக்குள் பெண்களுக்குக் கொடுக்கும் இலவச பிங்க் டிக்கெட் இரண்டு கசங்கிக் கிடந்தன. தான் ஏறிய பஸ்ஸிலேயே இவளும் பின் கதவு வழியாக ஏறியது அந்தப் பெண்ணுக்குத் தெரியவே இல்லை. வேலை வீட்டு ஸ்டாப்பில் இறங்கித் திரும்பியபோதுதான் பார்த்திருக்கிறார். அன்று வேலைக்குப் போகாமல் எதிர்ப்பக்கம் நின்று அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கிறார். என்னைப் பார்த்ததும், தப்பு செய்தவர் அவர் என்பதுபோலச் சொன்னார்:

"உங்க நம்பரு எங்கிட்ட இல்லக்கா. இருந்திருந்தா அப்பவே ஒரு போன் போட்டிருப்பேன். இவ்ளோ நேரம் நீங்க பயந்திருக்க வேணாம்."