கல்லறையில் வைத்த பன்னீர் ரோஜா

கல்லறைத் தோட்டத்தில் களைக்கொல்லி அடிக்கச் சொன்னது நீங்கள்தான். எங்கள் தேவாலயத்துப் பங்குப் பேரவையின் துணைத் தலைவர் நீங்கள். மருந்தடித்தவர் கூலிக்கு வந்தவர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

செத்தது ஒரு பன்னீர் ரோஜாச் செடி. என் தங்கையின் கல்லறையில் நான் வைத்தது. ஒரு செடிக்கா இவ்வளவு என்று கேட்கிறவர்களுக்காக, அது எப்படி வந்தது என்று எழுதுகிறேன்.

நானும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்தோம். என் புருஷன் விட்டுப் போய்ப் பல வருஷம். அவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமைத்தாள். நாள் முழுக்கப் புகையும் சாம்பாரும்தான். வீட்டுக்கு வந்தால் வாசனையாக ஒரு பூ வேண்டும் அவளுக்கு. வேறு எதையும் அவள் கேட்டதில்லை.

முதலில் அன்னவாசல் போகும் வழியில் ஒரு நர்சரிக்குப் போனோம். நான் பெரிய பூவாகப் பார்த்தேன், சிவப்பில் ஒன்று, மஞ்சளில் ஒன்று. அவள் ஒவ்வொன்றாகக் குனிந்து மோந்து பார்த்தாள். நர்சரிக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, பூ வாங்க வந்தீங்களா, கருவாடு வாங்க வந்தீங்களா?"

"கருவாட்டுலயாச்சும் வாசம் இருக்குங்க. ஒங்க பூவுல அதுவும் இல்ல."

நான் அவள் பேச்சைக் கேட்கவில்லை. இரண்டையும் தூக்கி வந்தேன். மஞ்சள், சித்திரை வெயிலில் கருகியது. சிவப்புக்கு வாரம் ஒரு மருந்து. இலையில் கரும்புள்ளி, மொட்டில் பேன். ஐப்பசி மழைக்குப் பிறகு அதன் அடியிலிருந்து ஒரு கிளை ஆளுயரத்துக்குக் கிளம்பியது. சாணி கரைத்து ஊற்றினேன். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பூக்கவே இல்லை. பிறகுதான் தெரிந்தது, அது ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து வந்த கிளை. மேலே ஒட்டுக் கட்டியிருந்த ரோஜா எப்போதோ செத்துவிட்டது.

"ஒரு வருஷமா முள்ளுக்குச் சோறு போட்டிருக்க, அக்கா" என்றாள் தங்கை. தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

அதற்கப்புறம் அவளே தேடினாள். திருவரங்குளம் பக்கம் அவளோடு வேலை பார்த்த ஒருத்தி வீட்டில் பன்னீர் ரோஜா நின்றது. அதில் பென்சில் கனத்தில் நாலு குச்சி வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். கார்த்திகை மழையில் எங்கள் வீட்டு முருங்கைக்குக் கிழக்கே நட்டாள். காலை வெயில் படும், மதியம் நிழல் விழும். நாலில் ஒன்று பிழைத்தது. ஒட்டு கிடையாது, சொந்த வேர். அரிசி கழுவின தண்ணீர் ஊற்றுவோம், ஆட்டுப் புழுக்கை போடுவோம், பூத்து ஓய்ந்ததும் கிளையை ஒரு சாண் வெட்டிவிடுவோம். வேறு எதுவும் செய்ததில்லை. வெளிர் ரோஸில் சின்னப் பூ. மதியத்துக்குள் உதிர்ந்துவிடும், கடைக்காரர்கள் சீண்ட மாட்டார்கள். ஆனால் காலையில் கதவைத் திறந்தால் வாசனை அடுப்படி வரைக்கும் வரும்.

இந்த வெயிலுக்கு என்ன ரோஜா வைக்கலாம் என்று என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். கண்ணால் பார்த்து வாங்காதீர்கள், மோந்து பார்த்து வாங்குங்கள். சொந்த வேரில் நிற்கிறதா என்று பாருங்கள். சரளை மண்ணானாலும் தண்ணீர் தேங்காத இடத்தில் வையுங்கள். அப்புறம் அதைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

தங்கைக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனது. ஒன்பது மாதம் இருந்தாள். போய்விட்டாள்.

அதன்பிறகும் காலையில் கதவைத் திறந்தால் வாசனை வந்தது. எனக்கு அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை. அது மட்டும் தவறாமல் வந்தது. மழை பிடித்ததும் செடியை வேரோடு தோண்டிச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் அவள் தலைமாட்டில் வைத்தேன். வீட்டில் ஒரு குச்சிகூட வைத்துக்கொள்ளவில்லை. அது என் முட்டாள்தனம். அதற்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

கல்லறைத் தோட்டத்தில் குழாய் இல்லை. முதல் கோடை முழுக்கக் குடத்தில் தண்ணீர் சுமந்தேன். இரண்டாவது கோடையில் அதற்கு என் தண்ணீர் தேவைப்படவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் எங்கள் ஊரில் அவரவர் கல்லறையை அவரவரே சுத்தம் செய்வோம். கையால் புல் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்து, பூ வைப்போம். இந்த வருஷம் நான் சுண்ணாம்பு வாளியோடு போனபோது புல்லெல்லாம் பழுத்துக் கிடந்தது. செடியும் அப்படித்தான். மொட்டுகள் தலை தொங்கியிருந்தன. ஒவ்வொரு சிலுவையிலும் ஒரே மாதிரி ஒரு பிளாஸ்டிக் ரோஜா கட்டியிருந்தது. என் தங்கைக்கும் ஒன்று. அவிழ்த்து மோந்து பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்று தெரியவில்லை.

உங்கள் வீட்டுக்கு வந்து கேட்டேன். "மருந்தடிக்கப் போறோம்னு பூசையில மைக்குல அறிவிச்சோமே. நீங்கதான் கோயில் பக்கமே வர்றதில்லையே" என்றீர்கள். உண்மைதான். அவளை அடக்கம் செய்த நாளிலிருந்து நான் வரவில்லை. "பூச்செடின்னு யாருக்குங்க தெரியும்? களைன்னு நெனச்சு அடிச்சுட்டான். வேற செடி வாங்கித் தாரோம்" என்றீர்கள்.

நான் நம்பினேன். வீட்டுக்குத் திரும்பினேன். போன வாரம் மருந்தடித்தவரைக் குளத்தூர் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார்.

"செடி மொட்டு விட்ருக்குதேங்கன்னு கேட்டேன் ஆத்தா. துணைத் தலைவரு பக்கத்துலதான் நின்னாரு. எல்லாம் ஒண்ணுபோல இருக்கணும், அடின்னுட்டாரு."

நேற்று தண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். தூர் வரைக்கும் பழுப்பு.

வேறு செடி வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு நான் வருகிறேன். முன்னால்தான் உட்காருவேன். நீங்கள் அறிவிப்பு வாசித்த அதே மைக்கில், ஊரே கேட்கப் பதில் சொல்லுங்கள். மொட்டு இருக்கிறது என்று அவர் உங்களிடம் சொன்னாரா, இல்லையா? சொன்ன பிறகும் அடிக்கச் சொன்னீர்களா, இல்லையா?