ஐந்தில் மூன்று என்றால் ஆவரேஜாம்

பவேரிய மலையடிவாரத்தில் ஒரு கடையில் பனிநடைச் சாமான்களை வாடகைக்குக் கொடுப்பது பதினெட்டு வருடங்களாக என் வேலை. இத்தொழிலில் நான் கண்ட ஆபத்துகளில் பனி இரண்டாவது. முதலாவது, எல்லாம் தெரிந்த வாடிக்கையாளர்.

மூன்று நாள் பனி கொட்டி, காற்றும் வீசி, வானம் வெளித்த ஒரு சனிக்கிழமை காலை கார்த்திக் வந்தார். மியூனிக்கில் ஐ.டி. டீம் லீடர். கூடவே அவருக்குக் கீழே வேலை செய்யும் ரேவதியும் பிரவீணும். கடைக் கதவில் அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையை ஒட்டியிருந்தேன். ஐந்து படிகளில் மூன்றாவது.

"அஞ்சுக்கு மூணுதானே? ஆவரேஜ்," என்றார் கார்த்திக்.

"தம்பி, இது சோதினை மார்க்ஸ் இல்லை. அஞ்செண்டால் ஆக்கள் வீட்டிலை இருப்பினம். மூண்டெண்டால்தான் வெளிக்கிட்டுப் போய் மாட்டுப்படுவினம். காத்து குவிச்ச புதுப்பனி இன்னும் கீழ்ப்பனியோடை ஒட்டேல்லை. உச்சிக்குப் போற செங்குத்துச் சரிவுக்குள்ளை போகாதேங்கோ. காட்டுப் பாதையாலை போங்கோ."

"ஆப்ல ரூட் இருக்கு அண்ணா. நேத்துகூட ஆளுங்க போயிருக்காங்க."

ரேவதி மட்டும் கேட்டார்: "எத்தனை டிகிரி சரிவுன்னா போகக்கூடாது?"

"முப்பதுக்கு மேலை வேண்டாம். அப்பிடியான சரிவுக்குக் கீழை நிக்கவும் வேண்டாம்."

"ரேவதிக்கு எல்லாமே ரிஸ்க்தான்," என்று கார்த்திக் சிரித்தார்.

மூவருக்கும் பனியில் புதைந்தால் இடம் காட்டும் சிக்னல் கருவி, பனிக்குள் குத்திப் பார்க்கும் தேடுகோல், பனி தோண்டும் சவள் கொடுத்தேன். கருவிகளைப் போட்டுச் சோதித்தேன். கையெழுத்து வாங்கினேன். என் கடமை முடிந்ததென்று கோப்பி குடித்தேன்.

பிறகு நடந்ததை ரேவதி வந்து சொன்னார். மூவரும் அந்தச் சரிவுக்கே போயிருக்கிறார்கள். விளிம்பில் கால் வைத்ததும் பனி 'வூம்' என்று அமுங்கியிருக்கிறது. உள்ளே ஒரு பனி அடுக்கு உடைகிறது என்று அதற்கு அர்த்தம்.

"கார்த்திக், திரும்பிடலாம்."

"இன்னும் இருநூறு மீட்டர்தான். டார்கெட் கிட்ட வந்துட்டு யாராவது திரும்புவாங்களா?"

பிரவீண் கார்த்திக்கின் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் பதவி உயர்வு கிடைக்கவிருந்த வருடமாம். கார்த்திக் நடுவுக்குப் போனதும் சரிவு முழுவதும் நழுவி அவரை மூடியது.

மேலிருந்து இன்னும் பனி வருமா என்று பார்த்துவிட்டு, ரேவதி தன் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றிக்கொண்டு இறங்கினார். சிக்னல் கிடைத்த இடத்தில் கோலைக் குத்தித் தோண்டினார். பிரவீண் பிரியாணி டப்பாவுக்கு இடம் விட்டு, சவளைக் காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். ஆகவே டப்பா மூடியால் தோண்டினார். முகம் வெளியே வந்தபோது நீலம் பாரித்திருந்தது. மூச்சு இருந்தது. கால் உடைந்திருந்தது. ஹெலிகாப்டர் வந்து தூக்கிப்போனது.

ஒரு மாதம் கழித்து கார்த்திக் ஊன்றுகோலோடு கடைக்கு வந்தார்.

"நல்ல லேர்னிங் அண்ணா. ஆபீஸ்ல இதை வெச்சு ஒரு பிரசென்டேஷனே குடுத்தேன்."

"அதிலை ரேவதியின்ரை பேர் இருக்கோ?"

"டீம் எஃபர்ட்னு போட்டிருக்கேன்."

அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கும் தகுதி இல்லை. கருவி வேலை செய்கிறதா என்று சோதித்த நான், அந்த மூவரில் ஒருவர் 'வேண்டாம்' என்றால் மற்றவர்கள் கேட்பார்களா என்று சோதிக்கவில்லை. இப்போது சாமானை எடுக்கும் முன்னமே கேட்கிறேன்: "உங்களிலை ஒராள் திரும்புவமெண்டால் எல்லாரும் திரும்புவியளோ?"

பதிலுக்கு எல்லோரும் ஒரே ஆளின் முகத்தைப் பார்த்தால், அன்று அவர்களுக்கு என்னிடம் சாமான் இல்லை.