என் கையால் போணி

எங்கள் ஆரணி கடைத்தெருவில் காலையில் நடக்கும் முதல் வியாபாரத்துக்குப் போணி என்று பெயர். அது ஆகும் வரை கடன் கேட்கக் கூடாது, சில்லறை கேட்கக் கூடாது. தெலுங்குச் சொல் என்பார் ஒருவர், வடக்கத்தி வியாபாரிகள் கொண்டுவந்தது என்பார் இன்னொருவர். எங்கிருந்து வந்ததோ, கடையோடு நிற்கவில்லை. ஓடாத படம் போணியாகாத படம். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பதில் சொல்லாமல் போனபோது, "இது எங்க போணி ஆவப்போவுது" என்றாள் அத்தை. இன்றைக்கும் நினைத்தால் எரிகிறது.

அப்படிப்பட்ட எனக்குத்தான் கைராசிக்காரி என்று தெருவில் பேர். நான் முதலில் வாங்கினால் கூடை சீக்கிரம் காலியாகிறதாம், பூக்காரம்மா சொல்வார். சிரித்துக்கொண்டே நானும் நம்பிவிட்டேன்.

போன மாதம் தங்கை, சங்கிலியை அடகு வைத்து வீட்டு முன்னறையில் பட்டுப்புடவைக் கடை போட்டாள். போணி அக்கா கையால்தான் என்று ஒரே பிடிவாதம். பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் நெய்த அரக்குப் புடவை ஒன்றை எடுத்தேன். பழக்கதோஷம், போனை நீட்டி ஸ்கேன் செய்துவிட்டேன். பணம் வந்துவிட்டதாக ஸ்பீக்கர் பெட்டி கத்தியது. அவளோ இரண்டு கையையும் ஏந்தி நின்றாள். போணி நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதானே கல்லாவில் போட வேண்டும்? என் பையில் ஒரு நோட்டு இல்லை.

"பரவால்லக்கா" என்றாள்.

அன்றைக்கு வந்தவர்கள் புடவைகளைப் பிரித்தார்கள், விலை கேட்டார்கள், போய்விட்டார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மடித்ததையே மடித்தேன், வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன்.

"எத்தினி நேரம் நடந்துகினே இருப்ப? உக்காருக்கா."

"நோட்டா குடுத்திருக்கணும்டி."

"அதெல்லாம் ஒன்னும் இல்ல" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் காலை புது நோட்டோடு போனேன். வாசற்படியிலேயே வந்து நின்றுகொண்டாள்.

"தப்பா நினைக்காத. போணி ஆனதும் நானே போன் பண்றேன்க்கா. அப்பறமா வா."

வீட்டுக்குப் போக மனமில்லை. பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன், திரும்பினேன், தேவிகாபுரம் பஸ் கிளம்புவதைப் பார்த்தேன். வெயில் ஏறிய பிறகு போன் வந்தது.

"அக்கா, போணி ஆயிடுச்சி. மூணு புடவை. வா, ஜல்தி வா."

குரலில் அத்தனை சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான், பொய் இல்லை. ஆனால் அந்தப் படியேறக் கால் வரவில்லை. வேலை இருக்கிறது என்றேன்.