அவர் நட்ட தேக்கு

எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் வட்டமாக அறுத்த ஒரு தேக்கு வில்லை இருக்கிறது, சின்னத் தட்டு அளவில். தேக்கு என்றால் நடுவில் பழுப்பாக வைரம் பாய்ந்திருக்க வேண்டும். இது முழுக்க வெள்ளை. என் வீட்டுக்காரர் இருந்தவரை காபி டம்ளரை அதன்மேல்தான் வைப்பார். "நான் வளத்த லட்சணம், நானே வச்சிக்கிறேன்" என்பார்.

ஆரணியில் பட்டுத்தறி போடும் குடும்பம் எங்களுடையது. வாடகை வீட்டில் பாதி தறிக்கு, மிச்சம் எங்களுக்கு. சொந்த வீடு, அதற்குச் சொந்த மரத்தில் வாசல்கதவு, அவருக்கு இருந்த ஒரே பேராசை இதுதான். தேவிகாபுரம் பக்கம் இருந்த கொஞ்ச நிலத்தில் தேக்கு நட்டார். பேப்பரில் எதையோ படித்துவிட்டு பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பிரசங்கம் வேறு. "கப்பல்ல தேக்கு எறக்கிகினு கீறோம். நம்ம மண்ணுல வராதா இன்னா? ஊருக்கு ஊரு நட்டா நாடே பொழச்சிக்குங்க!" முதலில் நம் வாடகைக்கு வழி பாருங்கள் என்று நான் கிண்டல் செய்வேன்.

கோடையில் இழை காய்ந்து அறுந்துவிடும் என்று தறியைச் சுற்றித் தண்ணீர் தெளித்தே வளர்ந்த மனிதர். காய்ந்த மண்ணைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. வாழைக்குப் பாய்ச்சுவதுபோல் தேக்குக்குப் பாய்ச்சினார், எருவைக் கொட்டினார். மரங்களும் மளமளவென்று உயர்ந்தன. இவருக்குக் கால் தரையில் இல்லை.

சேத்துப்பட்டிலிருந்து மர வியாபாரி வந்து ஒன்றை வெட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "அத்தனையும் வெள்ளைங்க. தண்ணிய ஊத்தி ஊத்தி ஜல்தியா வளத்துட்டீங்க, வைரம் பாயல. பொட்டி அடிக்கத்தான் ஆவும்."

"கதவுக்கு?"

"பூச்சி தின்னுடும்ங்க."

பஸ்ஸில் திரும்பும்போது இந்த வில்லை அவர் மடியில் இருந்தது. ஆரணியில் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தார். "அவசரப்பட்டுட்டேன். மத்தத தண்ணி காட்டாம வுட்டு வைப்போம். நாம எங்க போயிடப் போறோம்?"

அவர்தான் போய்விட்டார். அடுத்த வருஷமே மாரடைப்பு, ஆஸ்பத்திரி வாசலைக்கூடத் தாண்டவில்லை. அப்புறம் அந்தப் பக்கம் போகவே எனக்கு மனசு வரவில்லை. மரங்கள் வருஷக்கணக்காக மழையை நம்பி நின்றன.

இப்போது மகன் வீடு கட்டுகிறான். போன மாதம் அதே வியாபாரியோடு நிலத்துக்குப் போனோம். அறுத்த மரத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. நடுவெல்லாம் நல்ல பழுப்பு, ஓரத்தில் மட்டும் வெள்ளை. "கதவுக்குத் தாராளமா ஆவும்மா" என்றார். அந்த வெள்ளை ஏன் என்று கேட்டேன்.

"உள்ள கீறது ஆதியில வளந்தது. அதுதான் மொதல்ல வைரமாவும். ஓரத்துல கீறது பின்னால வளந்ததும்மா."

அப்படியானால் என் வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றி வளர்த்த அந்த வெள்ளைதான் பழுப்பாகியிருக்கிறது. ஓரத்து வெள்ளை, அவர் இல்லாமல் நான் இருந்த வருஷங்கள். மகன் பக்கத்தில் நிற்கிறான் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

மரம் தச்சரிடம் போயிருக்கிறது. அதிலும் ஒரு வில்லை அறுத்து வாங்கி வந்து, பழையதற்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நீங்கள் வளர்த்தது ஒன்றும் வீணாகவில்லை என்று அவரிடம் சொல்ல வேண்டும். அதைக் கேட்பதற்காகவாவது ஒருமுறை வந்து உட்கார்ந்து, இந்தப் புது வில்லைமேல் டம்ளரை வைக்கக் கூடாதா என்றிருக்கிறது.