அசையாமல் நிற்கும் விளையாட்டு

திருப்பதியில் நான் வேலை பார்க்கும் கேம் கம்பெனி சின்னது. மற்றவர்கள் செய்யும் செல்போன் விளையாட்டுகளை ஆடிப் பார்த்து, எங்கே கோளாறு என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. அதைத் தவிர யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அதனால், புதிதாகப் பொறுப்பேற்ற மேடம் இனி வெள்ளிக்கிழமை மதியம் யார் வேண்டுமானாலும் புது விளையாட்டுக்கு யோசனை சொல்லலாம் என்றபோது நான் கடைசி நாற்காலிக்கு நகர்ந்துகொண்டேன்.

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு வேறு மாதிரி ஓடியது. வாயைத் திறக்காதவர்களைத்தான் முதலில் வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள் என்றார் ஒருவர். உளறினாலும் அதே கதிதான் என்றார் இன்னொருவர். முதல் இரண்டு வெள்ளிக்கிழமையும் எல்லோரும் மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

மூன்றாவது வாரம் மேடமே எழுந்து தன் யோசனை ஒன்றைச் சொன்னார். கல்யாணப் பந்தியில் இலை போட்டுப் பரிமாறும் விளையாட்டு. இதில் என்ன குறை என்று கேட்டார். குறை கண்டுபிடித்தே பழகிய வாய் என்னுடையது. ஐந்து நிமிடத்தில் அலுத்துவிடும் என்று சொல்லிவிட்டேன். அவர் அதை அப்படியே பலகையில் எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, அடுத்த வாரம் நீங்கள் என்றார்.

அந்த வாரம் முழுவதும் யோசித்தேன். சொல்வதற்கு என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். இரண்டு வருடத்துக்கு முன் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். பங்காருபாளையம் பக்கம் காட்டோரத்தில் இருக்கும் எங்கள் மாந்தோப்பில், விடிந்தும் விடியாததுமாக, நானும் அப்பாவும் நின்றிருந்தபோது மரங்களுக்கு நடுவில் யானை வந்தது.

“அசையாத. மூச்சுகூட சத்தமா உடாத” என்றார் அப்பா.

அது காயைக் கடித்து மெல்லும் சத்தம் பக்கத்திலேயே கேட்டது. என் கால் மேல் எறும்பு ஏறியது, தட்டிவிடவில்லை. யானை தானாகப் போகும்வரை இருவரும் நின்றோம். அதன் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

வெள்ளிக்கிழமை எழுந்து நின்றேன். ஆபீஸில் தினமும் பேசுகிற தெலுங்கில் ஆரம்பித்து, பாதியில் வார்த்தை கிடைக்காமல் தமிழுக்குத் தாவினேன். “தமிழ்லயே சொல்லுங்க, எனக்கு அர்த்தமாவுது” என்றார் மேடம்.

“தோப்புல யானை வந்துக்கினு இருக்குது. கண்ணுக்குத் தெரியாது, சத்தம்தான் கேக்கும். ஸ்கிரீன் மேல வெச்ச விரல அசைக்காம வெச்சிக்கினு இருக்கணும். அசைஞ்சா செத்தோம். அவ்ளோதான் கேம்.”

வேலை போயிற்று என்றே நினைத்தேன். எதிரே இருந்த புரோகிராமர் பெண் தன் போனில் விரலை வைத்துப் பார்த்தாள். “எவ்ளோ நேரம்?” என்று கேட்டாள்.

“அது போற வரைக்கும்.”

செய்து பார்க்க எங்கள் இருவருக்கும் இரண்டு வாரம் கொடுத்தார்கள். அவள் மைக் அருகே வெள்ளரிக்காயைக் கடித்து அந்தச் சத்தத்தைப் பிடித்தாள். இயர்போன் மாட்டி முதல்முறை ஆடியபோது விரலை அசைத்து உடனே தோற்றேன். மேடமும் தோற்றார். இதை வெளியிடலாம் என்றார். யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் மற்றவர்களும் பேசத் தொடங்கினார்கள்.

வெளியிடுவதற்கு முன் ஊருக்குப் போய் அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். சிறிது நேரத்தில் இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டார். எழுந்து போய், தோப்புப் பக்கம் இருக்கும் கதவைச் சாத்திவிட்டு வந்தார். என்னைவிட அவர்தான் அன்றைக்கு அதிகம் பயந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

“இத்த எதுக்குடா ஆட்டமாக்கின?” என்றார்.

திங்கட்கிழமை அப்பா கேட்டதை மேடத்திடம் சொன்னேன். நிறுத்திவிடலாமா என்று கேட்டார். வேண்டாம், யானையை நேரில் பார்த்தவர்களுக்கு முதலிலேயே ஒரு எச்சரிக்கை போடலாம் என்றேன். நீங்களே எழுதுங்கள் என்றார். இரண்டே வரிதான். அதை எழுத எனக்கு அன்றைய நாள் முழுவதும் ஆயிற்று.